ரேடியேட்டரில் ஒட்டியிருந்த ஐந்து சதம்

சித்திரை பிறந்தால் நுவரெலியாவுக்கு சீசன். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் பந்தயம் என்று ஊரே ஒரு மாதம் தூங்காது. நானுஓயாவில் இருக்கிற எங்களுக்கு சீசன் என்றால் ரெண்டே விஷயம்தான். ஒன்று, ஸ்டேஷனில் கோச்சி வந்து நிற்கும்போது இறங்குகிற கூட்டம். இரண்டு, மேலே ஏற முடியாமல் ரோட்டோரம் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற கார்கள். கொழும்பிலிருந்து வெயிலில் ஏறி வந்த கார், இன்னும் எட்டு கிலோமீற்றர் ஏறினால் நுவரெலியா என்கிற நேரத்தில் ஆவி விடும். சின்ன வயதிலிருந்து போத்தலில் பீலித் தண்ணி பிடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள். அதனால் "தண்ணி ஒழுகுது" என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம்.

போன வருடம் சீசனுக்கு முன்னால் எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கிற கராஜுக்கு ஒரு பழைய எம்.ஜி.ஏ. கார் வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை மடிக்கிற, வட்ட விளக்கு வைத்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். கராஜ் வைத்திருப்பவரை ஊரில் எல்லோரும் பாஸ் என்பார்கள், எங்களுக்கு மாமா. கார் கண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவருடையது. அதைச் சீசனில் நுவரெலியாவுக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. கோளாறு ஒன்றுதான்: ஒவ்வொரு தடவை மலை ஏறும்போதும் அரை லீற்றர் தண்ணீர் காணாமல் போகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

நாங்கள் நாலு பேர் அந்த லீவில் மாமாவுக்கு உதவிக்குப் போனோம். ஒழுக்கைத் தேடப் போன எங்களுக்கு இந்த ஊர் வரலாற்றிலிருந்து ஒரு துண்டு கையில் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தண்ணீரும் மோட்டாரும்

முதலில், காருக்குத் தண்ணீர் எதற்கு? எஞ்சினுக்குள் எரிகிற பெற்றோலின் சக்தியில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சம் சூடாகப் போகிறது. அந்தச் சூட்டை வெளியே எடுக்காவிட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகும்.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றி இருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும், அந்த ஆவியோடு சூடும் போகும். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார். வழி நெடுக நின்று நின்று தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஏற்றங்களில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணமே தண்ணீர் தேடிய பயணம்தான்.

பிறகு வில்ஹெல்ம் மேபாக், 1901இல் வெளிவந்த மெர்சிடஸ் காருக்காகத் தேன்கூடு மாதிரியான ரேடியேட்டரை வடிவமைத்தார். ஆயிரக்கணக்கான சின்னக் குழாய்கள், இடையில் காற்று. தண்ணீரைக் கொதிக்கவிட்டு இழக்காமல், குளிர வைத்துத் திரும்பப் பாவிக்கிற முறை அது. பின்னாட்களில் மூடியையும் இறுக்கி, உள்ளே அழுத்தம் சேரவிட்டார்கள். அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கிற வெப்பநிலையும் கூடும்.

இது மலைநாட்டில் ரொம்ப முக்கியமான விஷயம். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று ஸ்கூலில் படித்தோம். நானுஓயா ஸ்டேஷன் 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மேலே ஏற ஏற எஞ்சின் கஷ்டப்படும், அதே நேரத்தில் தண்ணீர் தாங்குகிற சூடும் குறைந்துகொண்டே வரும். மாமா கையில் எடுத்துக் காட்டிய ரேடியேட்டர் மூடியில் 7 என்று பொறித்திருந்தது. சதுர அங்குலத்துக்கு ஏழு இறாத்தல் அழுத்தம் வரைக்கும் அது பிடித்து வைக்கும். அந்த அழுத்தம் இருந்தால் நுவரெலியாவிலும் தண்ணீர் 107 பாகை அளவில்தான் கொதிக்கும். எங்கேயாவது ஊசித் துவாரம் இருந்தால் அழுத்தம் சேராது. சேராவிட்டால் திரும்ப 94தான். அதாவது சின்ன ஒழுக்கு தண்ணீரை மட்டும் எடுக்கவில்லை, அந்தப் பதின்மூன்று பாகைப் பாதுகாப்பையும் சேர்த்து எடுக்கிறது.

தண்ணீர் குடிக்கிற ஊர்

நானுஓயாவுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ரயில் பாதை 1885இல் இங்கே வந்தது. அடுத்த எட்டு வருடம் இதுதான் பாதையின் முடிவு. ஹப்புத்தளைக்கு 1893இல்தான் போனது, பதுளைக்கு 1924இல். 1903, 1904 வருடங்களில் இங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு இரண்டரை அடி அகலச் சின்னக் கோச்சிப் பாதையும் போட்டார்கள். 1940களில் அதை மூடிவிட்டார்கள். எங்கள் தாத்தாமாருக்கு அது ஞாபகம், எங்களுக்குக் கதை.

நீராவி எஞ்சின் தண்ணீரை ஒளிக்காமல் செலவழிக்கும். அதன் வேலையே தண்ணீரை ஆவியாக்கி வெளியே விடுவதுதான். 1927இலிருந்து மலைப் பாதைக்காகப் பெரிய கரட் எஞ்சின்கள் வரத் தொடங்கின. 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்த பிறகுதான், உள்ளே இருக்கிற தண்ணீர் உள்ளேயே இருக்க வேண்டும் என்கிற கணக்கு பாதைக்கு வந்தது. தோட்டத்துரைமாரின் கார்களுக்கு அந்தக் கணக்கு அதற்கு முன்பே இருந்தது. 1934இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்து ரோட்டில், வளைவும் ஏற்றமுமாக, ஒவ்வொரு காராக நேரம் வைத்து ஓட்டுகிற பந்தயம். எங்களுக்குப் பக்கத்திலேயே ரதல்லவிலும் மலையேற்றப் பந்தயம் நடக்கும்.

பந்தயத்துக்கு வந்த கார் யாருடையது, எத்தனை செக்கனில் ஏறியது என்பதெல்லாம் எழுதி வைக்கப்படும். அந்தக் காரை முந்தின நாள் ராத்திரி குனிந்து பார்த்து, ஹோஸ் மாற்றி, தண்ணீர் நிரப்பினவர் யார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ரோட்டை வெட்டியவர்கள், கொழுந்து பறித்தவர்கள் மாதிரியே தோட்டத்து கராஜில் வேலை செய்தவர்களும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான்.

"எங்கேன்னு கேக்காத"

கார் வந்த அன்றைக்கே நாங்கள் ரேடியேட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஹோஸ் நனைந்திருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று தடவினோம். எல்லாம் காய்ந்து கிடந்தது. "எங்க ஒழுகுதுன்னே தெரியல மாமா" என்றோம்.

மாமா பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "எங்க ஒழுகுதுன்னு மொதல்ல கேக்காத தம்பி. எப்ப ஒழுகுதுன்னு கேளு. எப்பன்னு தெரிஞ்சா எங்கன்னு அதுவே சொல்லும்."

ஒரு பழைய கொப்பியை எடுத்து மூன்று நாள் எழுத வைத்தார். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஒரு மூங்கில் குச்சியை விட்டு மட்டம் பார்ப்போம். (சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்து முகத்தில் அடிக்கும். இதைப் படிக்கிற யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.) பிறகு ஒரு நாள் சும்மா நிறுத்தி அரை மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டோம். ஒரு நாள் தலவாக்கலைப் பக்கம் பெரிய ரோட்டால் இறங்கினோம். ரதல்லக் குறுக்குப் பாதையில் மாமா இறங்க மாட்டார். 2023 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. மூன்றாம் நாள் பிளக்பூல் சந்தி வழியாக நுவரெலியாவுக்கு ஏறினோம்.

கொப்பி சொன்னது இதுதான். நிறுத்தி ஓடவிட்ட நாளில் குறைவே இல்லை. இறங்கிய நாளிலும் இல்லை. ஏறிய நாளில் மட்டும் அரை லீற்றர்.

முதல் சந்தேகம் எங்களுடைய தப்பின் மேலேயே விழுந்தது. இந்தக் காருக்குத் தனியாக விரிவுத் தொட்டி கிடையாது. தண்ணீர் சூடானால் விரியும். ஐந்தரை லீற்றருக்குச் சற்று மேல் பிடிக்கிற இந்த எஞ்சினில் அந்த விரிவு மட்டுமே 200 மில்லிலீற்றர் வரும். கழுத்து முட்ட நிரப்பினால் அது மூடிக்குக் கீழே இருக்கிற சின்னக் குழாய் வழியாக வெளியே போய்விடும். காரைக் கொண்டுவந்தவர் ஒவ்வொரு நாளும் கழுத்து வரை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். "அது ஒழுக்கு இல்ல, எஞ்சின் வேண்டாம்னு துப்புறது" என்றார் மாமா. ஓர் அங்குலம் குறைத்து நிரப்பி மறுபடி ஏறினோம். குறைவு 300 மில்லிலீற்றராக இறங்கியது. ஒழுக்கில் ஒரு பங்கு ஒழுக்கே இல்லை என்று தெரிந்தது. மிச்சப் பங்கு நிஜம்.

அடுத்து, பயப்பட வேண்டியதை முதலில் பார்த்தோம். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் எரிந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையாக வரும், இல்லாவிட்டால் ஒயிலோடு கலந்து பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். புகையும் இல்லை, ஒயிலும் சுத்தம். ஆறிய எஞ்சினை மூடி இல்லாமல் கிளப்பிப் பார்த்தோம், ரேடியேட்டர் கழுத்தில் குமிழி வரவில்லை. அது தப்பியது.

வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளைதான் காட்டிக்கொடுக்கும். அதுவும் காய்ந்திருந்தது. எஞ்சின் பக்கவாட்டில் வட்டத் தகடுகள் அடித்திருப்பார்கள், உள்ளே துரு அரித்தால் அவை கசியும். அவையும் நல்ல மாதிரி இருந்தன.

மாமா வீட்டுக்கு ஆள் அனுப்பி அத்தையின் முகப் பவுடர் டின்னைக் கொண்டுவரச் சொன்னார். அத்தை திட்டிக்கொண்டேதான் கொடுத்தனுப்பினார். சந்தேகமான இடமெல்லாம், ரேடியேட்டர் முன்னும் பின்னும், பொருத்துகளிலும் பவுடரைத் தூவினோம். எஞ்சினைச் சூடாக்கி, பிறகு நிறுத்தி, நன்றாக ஆறுவதற்கு முன்னால் மூடியிலிருந்து வரும் சின்னக் குழாயோடு சைக்கிள் டியூப் வால்வை இணைத்து, மூடியின் அளவைத் தாண்டாமல் மெதுவாகக் காற்றடித்தார். நாங்கள் டோர்ச்சோடு நாலு பக்கமும் குனிந்தோம்.

ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில், எஞ்சினைப் பார்த்த பக்கம், பவுடரில் ஒரு கோடு ஈரமானது. மயிரளவு. ஐந்து நிமிடத்தில் அந்தக் கோடு சதுரமாக வளைந்தது.

தரையில் சொட்டாதது ஏன் என்பதும் அங்கேயே புரிந்தது. அந்த இடம் சூடானால்தான் திறக்கிறது. கசிகிற தண்ணீர் சூட்டுத் தகட்டில் பட்டதும் காய்கிறது, விசிறியின் காற்று மிச்சத்தையும் ஆவியாக்கிவிடுகிறது. எஞ்சின் ஆறினால் வெடிப்பு மூடிக்கொள்கிறது. காலையில் வந்து குனிந்து பார்ப்பவனுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

சதுரம்

ரேடியேட்டரைக் கழற்றி, கறுப்புப் பெயின்டைச் சுரண்டினோம். கீழே மங்கிய ஈயம். யாரோ முன்பு ஒரு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். சூட்டுக்கோலை வைத்து மாமா ஈயத்தை இளக்கினார். ஓட்டையை மூடியிருந்த சின்னத் தகடு இடுக்கியில் வந்தது. மூலை மழுங்கிய சதுரம். தேய்த்துத் துடைத்தால், ஒரு பக்கம் பழைய இலங்கையின் அரச இலச்சினை. மறுபக்கம் 5.

ஐந்து சதம்!

எங்களில் யாரும் ஐந்து சதத்தைக் கையில் வைத்துச் செலவழித்ததில்லை. மாமா சிரித்தார். "பித்தளைத் தகடு வாங்க டவுனுக்குப் போவணும். காசு சட்டப்பையிலயே இருக்குமே."

ஆண்டு இருக்க வேண்டிய இடத்தை ஈயம் தின்றிருந்தது. ஆனாலும் மாமா சொன்ன "எப்ப" என்கிற கேள்வியைக் காசிடம் கேட்கலாம். 1963க்கு முன் இலங்கைக் காசுகளில் அரசர் அல்லது அரசியின் தலை இருக்கும். 1963இல் வந்த தொகுதியில்தான் தலை போய் இலச்சினை வந்தது. அந்தத் தொகுதி ஐந்து சதம் நிக்கல் கலந்த பித்தளை. 1971 வரைக்கும் அப்படியே அடித்தார்கள். 1978இலிருந்து ஐந்து சதம் அலுமினியமாகிவிட்டது. "அலுமினியக் காசுல இந்த ஈயம் ஒட்டவே ஒட்டாது" என்றார் மாமா. ஆக, இந்த அடைப்பு 1963க்கு முன்னால் போட்டதாக இருக்க முடியாது.

பின் எல்லையைக் காசு சொல்லாது, அதை நாட்டின் கதையிலிருந்து எடுக்க வேண்டும். எம்.ஜி.ஏ. இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை செய்யப்பட்ட கார். ஒரு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள், பெரும்பகுதியை வெளிநாடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தக் கார்கள் இலங்கைக்கு வந்து கொஞ்ச காலத்திலேயே, 1960களின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கியது. புதுக் கார் இல்லை, உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருப்பதை ஓட்ட வேண்டும் என்றால் இருப்பதை வைத்தே அடைக்க வேண்டும். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து கடைகளில் சாமான் நிறைந்த பிறகு, காசை வெட்டி ஒட்டுகிற தேவை குறைந்துபோனது. மாமா வேலை பழகியதும் அந்தக் காலத்தில்தான். அதற்குப் பிறகு காசு வைத்து அடைத்த ரேடியேட்டர் தன் கைக்கு வந்ததில்லை என்றார். 1963க்கும் 1970களின் கடைசிக்கும் இடையில், ஒரு கல் பட்டோ என்னவோ இந்தத் தொட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறது, ஒருவர் சட்டைப்பையில் கைவிட்டிருக்கிறார். ஒழுக்குக்கு வைத்த அதே கேள்வியை வைத்து இவ்வளவு தூரம் வந்தோம்.

அந்தப் பதினைந்து வருடம்

அந்தப் பதினைந்து வருடம் மலையகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் ஆட்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பிரதமர்கள் எழுதிக் கையெழுத்திட்டார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். இடையில் 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம், 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை. வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். அவர்களுடைய கார்கள் இங்கேயே நின்றன. அவற்றைப் பழுது பார்த்தவர்களைக் கப்பலேற்றினார்கள்.

தோட்டத்தில் பெயர் வந்தவர்கள் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம் போனார்கள். பிறகு மண்டபம் முகாம், நீலகிரி, கோத்தகிரி, கூடலூர். ஸ்டேஷனில் போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் அந்தக் கோச்சிக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. சீசனில் கூட்டம் இறங்குகிற, நாங்கள் செல்ஃபி எடுக்கிற அதே மாதிரி மேடைகளில்தான் இதெல்லாம் நடந்தது.

மாமாவின் அண்ணன் 1970களில் அப்படித்தான் போனார். தோட்டத்து கராஜில் லொறிக்கும் துரை காருக்கும் வேலை பார்த்தவர். மாமாவுக்கு முதல் ஸ்பேனரைக் கையில் கொடுத்தவரும் அவர்தான். அண்ணனும் காசு வைத்து அடைப்பாராம்.

"அப்ப இது பெரியப்பா வேலையா மாமா?" என்று கேட்டோம். கேட்கும்போதே "ஆமாம்" என்று சொல்லிவிடுவார், நமக்கு ஒரு நல்ல கதை கிடைத்துவிடும் என்று ஆசைப்பட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

மாமா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி அடைக்கத் தெரிஞ்ச ஆளு இந்தப் பக்கத்துல எங்கண்ணன் ஒருத்தன்தான்னா நெனச்ச? தோட்டத்துக்கு ரெண்டு பேரு இருந்தாங்கடா. பாதிப் பேருக்கு மேல அங்கிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தன் பேர இதுல எழுதிட்டா மிச்சப் பேரு என்ன ஆவாங்க?"

அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

காசின் மேல் 5க்குப் பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெறுமதி எழுதியிருக்கிறது. தமிழில் "ஐந்து சதம்". நாட்டின் காசு தமிழ் பேசியது. அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தவருக்கு அந்த நாட்டில் வாக்கு இருந்திருக்காது. தன் பெயர் எந்தப் பட்டியலில் வருமோ, கடிதம் எப்போது வருமோ என்று காத்திருந்த ஒருவர், வேறொருவருடைய ஸ்போர்ட்ஸ் காரை அடுத்த ஐம்பது வருடத்துக்கு ஓட வைத்திருக்கிறார். மிச்சமிருந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் குடியுரிமை முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்தது.

புதுசா, பழசா

கார்காரப் பெரியவருக்கு மாமா போன் போட்டார். அவர் முதலில், "பாஸ், அந்த ரேடியேட்டரே வேண்டாம், புது அலுமினிய ரேடியேட்டர் ஒன்று எடுப்போம்" என்றாராம். காசு விஷயத்தை மாமா சொன்னார். மறுநாள் காலை கோச்சியில் அவரே வந்துவிட்டார். காசைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பேசவில்லை. சட்டகம் போட்டு வீட்டில் மாட்டலாமா என்று கேட்டார். நல்ல பித்தளைத் தகடு வைத்து அடைத்துவிட்டு, காசைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று எங்களில் இரண்டு பேரும் சொன்னோம். மியூசியத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர். வாக்குவாதம் தேத்தண்ணி ஆறும் வரைக்கும் நடந்தது.

மாமாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "மாத்தையா, காசு விடல. ஈயம்தான் விட்டுச்சு. அம்பது வருசமா சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஈயம் களைச்சிருச்சு. காசு அப்படியேதான் இருக்கு. நல்லா இருக்கிறத எதுக்குக் கழட்டணும்?"

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் அவர் சொன்னது சரி. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 200 பாகையைச் சுற்றி உருகிவிடுகிற மெதுவான உலோகம். ரேடியேட்டர் சூட்டில் உருகாது, ஆனால் ஒவ்வொரு தடவை விரிந்து சுருங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். பித்தளையோ 900 பாகை தாண்டினால்தான் உருகும். அதற்கு இதெல்லாம் விளையாட்டு.

தொட்டியின் ஓரத்தைப் பளபளவென்று சுரண்டி, ஆசிட் தடவி, காசின் விளிம்பிலும் புதுசாக ஈயம் பூசி, அதே இடத்தில் வைத்து மாமா பற்ற வைத்தார். முன்பு இலச்சினைப் பக்கம் வெளியே இருந்தது. இந்தத் தடவை எழுத்துப் பக்கம் வெளியே வருகிற மாதிரி வைத்தார். கறுப்புப் பெயின்ட் அடிக்கப் போனபோது பெரியவர் தடுத்துவிட்டார். அந்தச் சதுரத்தை மட்டும் பூசாமல் விட்டோம். பொனட்டைத் திறந்து, விசிறிக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்.

சீசன் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை எம்.ஜி.ஏ. நுவரெலியாவுக்கு ஏறியது. நாங்கள் பின்னால் ஆட்டோவில் போனோம். கிரகரி வாவிக் கரையில் நிறுத்தி, இரண்டு மணித்தியாலம் ஆறவிட்டு, மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டோம். காலையில் போட்ட கோட்டிலேயே தண்ணீர் நின்றது. கொப்பியில் கடைசி வரியாக "குறைவு: 0" என்று எழுதினோம்.

மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள், கூட்டம் வைத்தார்கள், நாங்களும் போஸ்ட் போட்டோம். வரலாறு என்றால் பெரிய ஒப்பந்தம், பெரிய தலைவர், பெரிய போராட்டம் என்றே அப்போது எங்கள் மனதில் இருந்தது. அதெல்லாம் வேண்டும். அதோடு, உங்கள் வீட்டில் தாத்தாவின் ஸ்பேனர் பெட்டி, பாட்டியின் கொழுந்துக் கூடையில் போட்ட ஒட்டு, யாரோ பற்ற வைத்த குடத்து அடி ஏதாவது இருக்கும். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். யார் செய்தது என்று கேட்டால் பல நேரம் பதில் வராது. எப்போது செய்தது என்று கேளுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். மாமா அந்தக் கொப்பியில் இன்னும் நிறையப் பக்கம் மிச்சம் வைத்திருக்கிறார்.